நாலாவது அர்த்தத்துக்கு ஒரு வாக்கியம்

என் கண்ணுக்கு,

சௌக்கியமா என்று கேட்பதை இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை திருப்பத்தூரில் நம் நிலத்துக்குப் பத்திரப் பதிவு என்று புரோக்கர் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்று திங்கள். நடுவில் மூன்று நாள்தான் இருக்கிறது. போனில் பேசினால் "அம்மா, அப்புறம் கூப்புடறேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். நாலு தடவை அப்படி ஆகிவிட்டது. எழுத்தைப் பாதியில் வைக்க முடியாது. படிக்காமல் வேண்டுமானால் விடலாம். அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் முட்டை, பருப்பு இருப்பு எழுதுகிற நோட்டில் மிச்சமிருந்த தாள்கள் இவை. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். என் கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று கிண்டல் பண்ணாதே.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ எனக்கு ஒரு சொல் அனுப்பினாய். ஸ்பெயினுக்குப் போனதிலிருந்து அது நமக்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. நீ அங்கே அகராதி வேலை செய்கிறாய், சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிறாய், எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டுமென்றால் அம்மாவைக் கேட்கிறாய். சாமை குத்திக்கொண்டே நானும் சொல்லுவேன். இந்தத் தடவை வந்தது 'கொலொனிஸார்'. அதற்கு நீ நாலு அர்த்தம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே பொருள் தரும் வேறு ஸ்பானிஷ் சொல்லையும் போட்டிருந்தாய். ஆளில்லாத இடத்துக்குப் போய்க் குடியேறுவது ஒன்று. அதற்குப் பக்கத்தில் 'அசென்தார்சே'. ஆட்களைக் கொண்டுபோய்க் குடியேற்றுவது இன்னொன்று, அது 'போப்லார்'. செடியோ பூச்சியோ ஓர் இடம் முழுக்கப் பரவிப் பிடித்துக்கொள்வது மூன்றாவது. பிறர் இடத்தில் போய் உட்கார்ந்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வது நாலாவது. அதற்கு 'அபோதெரார்சே' என்று போட்டிருந்தாய். வாயில் நுழையாத அந்தச் சொல்லை அடுப்படியில் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன்.

முதல் மூன்றுக்கும் உடனே வாக்கியம் சொல்லிவிட்டேன். காவலூரில் வானத்தைப் பார்க்கிற நிலையம் வந்தபோது வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறினார்கள் என்று முதலாவதற்கு. அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டி ஆட்களைக் குடியேற்றியது என்று இரண்டாவதற்கு. மூன்றாவதற்கு நம் உண்ணிச்செடி இருக்கவே இருக்கிறது; இந்த மலையில் அது பிடிக்காத சரிவு ஏது? நீகூட "சூப்பர்மா" என்று பதில் போட்டாய். நாலாவதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. "ஏம்மா, அதுதான் இருக்கறதுலயே ஈசி, இன்னா யோசிக்கிற?" என்று கேட்டாய். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துச் சாம்பாரில் உப்பு போட மறந்து பிள்ளைகள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள்.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, நீ ரொம்பக் கோபமாகப் பேசினாய். உன் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் யாரோ நாலு பேர் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள், அந்த மாதிரி ஆட்களுக்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது, வீட்டுக்காரக் கிழவி வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள் என்று சொன்னாய். "அநியாயம்மா. அடுத்தவங்க வூட்ல குந்திக்கினு எப்டிம்மா சோறு எறங்கும்?" என்று கேட்டாய். எனக்கு அப்போது சோறு இறங்கவில்லை, கண்ணு. உன் நியாயம் சரியானது. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டே இனி நான் சொல்வதையும் கேள். நாலாவது அர்த்தத்துக்கு வாக்கியம் கேட்டாயே, அது என்னிடம் இருக்கிறது. ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ வயிற்றில் இருந்தபோது நானும் அப்பாவும் கண்ணமங்கலத்தில் இருந்தோம். உன் பெரியப்பா குடும்பத்தோடு பத்து நாள் தங்குகிறேன் என்று நம் வீட்டுக்கு வந்தார். பத்து நாள் போய்ப் பத்து மாதம் ஆனது. முதலில் கூடம் போனது, பிறகு சமையலறை போனது, கடைசியில் மழைச் சாரல் அடிக்கிற பின்கட்டில் நாங்கள் பாய் விரித்தோம். உன் அப்பா வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கிற ஆள் இல்லை. அப்போது அவருக்குக் காவலூருக்குச் சாமான் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டும் வேலை கிடைத்தது. இந்த வீட்டில் என் பிள்ளை பிறக்கக் கூடாது என்று ஒன்பதாம் மாதத்து வயிற்றோடு ஜீப்பில் ஏறினேன். மலைக்குப் போய் ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். வீடு கிடைக்கும் முன் நீ வந்துவிட்டாய். பிறப்பதற்கும் அவசரம், போனை வைப்பதற்கும் அவசரம், உன் குணம் அன்றே தெரிந்துவிட்டது.

அது ஐப்பசி. நல்ல மழை, பகல் மூன்று மணி இருக்கும். ஜீப் சேற்றில் சிக்கிக்கொண்டது, எனக்கு வலி எடுத்துவிட்டது. பாதைக்கு மேலே ஒரு சாமைக் கொல்லை, அதில் ஒரு குடிசை. விளைச்சல் காலத்தில் காவலுக்காக அங்கேயே தங்கியிருந்த வெள்ளச்சியும் அவள் வீட்டுக்காரர் சடையனும் ஓடி வந்தார்கள். வெள்ளச்சிக்கு அப்போது என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கலாம். இடுப்பில் அவள் மகன் ஆண்டி. அவனை இறக்கிச் சடையனிடம் கொடுத்துவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டு போனாள். அந்தக் குடிசையில், அவளுடைய பாயில், அவள் கையில் நீ விழுந்தாய். தொப்புள்கொடி அறுத்தது அவள்தான். மருத்துவமனை எங்கே, நாங்கள் எங்கே. அன்று அவள் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எழுத நானும் இல்லை, படிக்க நீயும் இல்லை.

மூன்றாம் நாள் உன் அப்பா, "கௌம்பறோம்ங்க, ரொம்ப தொந்தரவு குடுத்துட்டோம்" என்று சொன்னார். சடையன் சிரித்துவிட்டார். "எங்க போவீங்க? புள்ள பொறந்த வூட்ல அடுப்பைக் கலைக்கக் கூடாது. அது நடக்கற வரைக்கும் இருங்க. நடந்த பொறவு பாத்துக்கலாம்" என்றார். அவர்கள் குடும்பத்தில் அது ஒரு வழக்கம். குழந்தை பிறந்த வீட்டில் தாய் மூட்டிய அடுப்பை, அந்தக் குழந்தை எழுந்து நடக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். அது வேற்றாள் பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். அவர்கள் ஊருக்குள் இருந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அறுவடைக்கு வரும்போது மாட்டுக் கொட்டிலில் படுத்துக்கொண்டார்கள். "சும்மா கெடக்குது, எதனா போட்டுக்கங்க" என்று குடிசையைச் சுற்றி ஒரு துண்டு நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். நாங்கள் அவரைக்காய் போட்டோம், கேழ்வரகு போட்டோம். பின்கட்டில் நனைந்து கிடந்தவளுக்குச் சுற்றிலும் கொல்லை, நடுவில் ஒரு குடிசை. உள்ளதைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

நீ பதினோராம் மாதத்தில் நடந்தாய்.

ஆமாம், சரியாகத்தான் படிக்கிறாய். இரண்டு வயது ஆகியும் தரையில் கால் வைக்காத சோம்பேறி என்று ஊருக்கெல்லாம் உன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பேனே, அது பொய். புரட்டாசியில் ஒரு காலை, நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், நீ கதவுக் கட்டையைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, ஐந்து அடி வைத்து என் முறத்தில் வந்து விழுந்தாய். தாய்க்கு எப்படி இருக்க வேண்டும்?  நானோ சுற்றிலும் யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு வெள்ளச்சி வரும்போதெல்லாம் நீ என் இடுப்பில்தான் இருந்தாய். "இன்னா, புள்ள இன்னும் எழுந்திரிக்கலயா?" என்று அவள் கேட்கவே மாட்டாள். நானாகவே, "இன்னும் நடக்கலக்கா, காலு கொஞ்சம் வீக்கு" என்று சொல்லுவேன். அவள் உன் காலைப் பிடித்துப் பார்ப்பாள். அடுத்த தடவை வரும்போது வேப்பெண்ணெய் கொண்டுவந்து உன் முழங்காலுக்குத் தேய்த்துவிட்டுப் போனாள். நல்ல காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தவளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மேல் பழி போடாதே. அவர் இரண்டு தடவை, "சொல்லிடலாம்மே, பாவம், அவுங்க கொட்டில்ல படுத்துக்கினு கீறாங்க" என்றார். நான்தான் விடவில்லை. "உங்க அண்ணன் கிட்ட குடுத்தீங்க ஒரு வூட்ட. இதையும் குடுத்துட்டு என்ன எங்க இட்டுனு போவீங்க?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவருடைய வாயை அடைக்க எந்த இடத்தில் அடிக்க வேண்டுமென்று எனக்குத் தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், அதனால் சொல்கிறேன்: கூட இருப்பவரின் காயம் எங்கே என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஒருநாளும் கை வைக்காதே. நான் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் சாகிற வரைக்கும் எந்த விஷயத்திலும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை அடக்கம் என்று ஊர் சொன்னது.

தை மாதத்தில் நிலம் அளக்கிறவர்கள் வந்தார்கள். உனக்குப் பதினைந்து மாதம். சங்கிலியும் கல்லும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குள் வந்து, குடிசை வாசலில் நின்று, அதில் பெரியவராக இருந்தவர் சடையனைப் பார்த்து, "இங்க யாரு குடி இருக்கறது? யாரு பயிர் வெக்கறது?" என்று கேட்டார். சடையன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இவுங்கதான் சாமி கீறாங்க. அடுப்பு இவுங்களுது" என்று எங்களைக் கை காட்டினார். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில். யாருடைய நிலம் என்று அந்த ஆள் கேட்கவில்லை, அதனால் சடையனும் சொல்லவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நிலம் போய்விடும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது நீ என் இடுப்பில் துள்ளினாய். கோழி ஒன்று வாசலில் போனது, அதைப் பிடிக்க இறங்க வேண்டும் என்று உதைத்தாய். நீ இறங்கி நாலு அடி வைத்திருந்தால் போதும். 'புள்ள நடந்துடுச்சு, இனிமே வூடு எங்குளுது' என்று சடையன் அந்த ஆள் முன்னாலேயே சொல்லியிருப்பார். எல்லாம் அந்த நாலு அடியில் இருந்தது. நான் உன் தொடையைக் கிள்ளினேன். நன்றாக, நகம் பதிய. நீ அலறினாய். "பாவம், கொழந்தைக்குப் பசி போல, உள்ள எடுத்துனு போமா" என்று அந்த ஆள் சொன்னார். உள்ளே போய்ப் பால் கொடுத்தேன். நீ விக்கி விக்கிக் குடித்தாய். வெளியே கொல்லை முழுவதற்கும் உன் அப்பா பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். பட்டா வந்தது. கிளுவைக் கழி நட்டு வேலி போட்டோம். குடிசை ஓட்டு வீடானது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை கிடைத்தது. நீ காவலூர் பஸ் பிடித்துப் படித்தாய். அப்பா கடைசியில் நிலத்தை உன் பெயருக்கு மாற்றிவிட்டார். என் பெயரில் எழுத அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது: என் கைக்கு வந்தால் அது ஒருநாளும் திரும்பிப் போகாது என்று அவருக்குத் தெரியும். சடையன் கொல்லை இல்லாமல் குடகுக்கு மிளகு பறிக்கப் போனார், இருமலோடு திரும்பி வந்தார், இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. இப்போது ஆண்டி போகிறான். அவன் பிள்ளைகள் நான் சமைக்கிற பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். அவர்கள் தட்டில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பேன். எவ்வளவு பெரிய மனசு பார் எனக்கு.

அந்தப் புளியமரங்கள் மூன்றும் வேலிக்குள் வந்துவிட்டன. அவை வெள்ளச்சியின் மாமனார் வைத்தவை. மாசி பிறந்தால் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தங்கச்சி, பொளி உலுக்கிக்கட்டுமா?" என்று கேட்பாள். வருஷா வருஷம் கேட்டாள், கண்ணு. அவள் மரத்தை உலுக்க என்னைக் கேட்டாள். நானும், "அதுக்கின்னாக்கா, உலுக்கிக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லுவேன். முதல் கூடையை என் வாசலில் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை எடுத்துப் போவாள். அந்தப் புளியில்தான் உனக்கு முப்பது வருஷமாகக் குழம்பு வைத்தேன். ஊரிலிருந்து போகும்போது டப்பாவில் அடைத்துக் கொடுப்பேனே, இந்த மாதிரி புளி ஸ்பெயினில் கிடைக்காது என்று சொல்வாயே, அது அவளுடைய முதல் கூடை.

நீ ஏழாவது படிக்கும்போது ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாய். மேடையில் உன்னை நிறுத்தி, "ரெண்டு வயசு வரைக்கும் நடக்காத புள்ள இன்னிக்கு ஃபர்ஸ்ட்டு" என்று வாத்தியார் மைக்கில் சொன்னார். நான்தான் அவரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன், நீ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தாய். கூட்டத்தில் வெள்ளச்சியும் இருந்தாள், அவளும் கை தட்டினாள். ஒரு பொய்யை நிறையத் தடவை சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள், அது பரவாயில்லை. பிள்ளை தன் காலைப் பற்றியே அதை நம்பிவிடுகிறான், அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் மாடி ஏறும்போது உன் கால் பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறாயே, அது நான் வைத்தது. உன் காலில் ஒரு குறையும் இல்லை, கண்ணு. ஒரு நாளும் இருந்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை புரோக்கர் இரண்டு ஆட்களோடு வந்தார். மூன்று மரத்திலும் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டார்கள். "இதெல்லாம் போய்டும்மா. மேல காட்டேஜ் வருது. வியூ சூப்பரா கீது. உங்குளுக்கு இன்னாமா கவல, தம்பி பவர் குடுத்துட்டாரு, நீங்க எங்கியும் வரத் தேவயில்ல" என்றார். நீ அங்கிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிய பவரை எனக்குக் காட்டவும் செய்தார். உனக்கு அங்கே வீடு வாங்க வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு இடம் வேண்டும். புரிகிறது. வீடில்லாத பயம் என்னவென்று எனக்குத் தெரியாதா? அந்தப் பயம்தான் என்னை இப்படி ஆக்கியது. விற்காதே, அது வெள்ளச்சி குடும்பத்து நிலம் என்று போனில் உன்னிடம் கெஞ்சினேன். "பட்டா நம்ம பேர்ல கீது. அவுங்க இத்தினி வருஷத்துல ஒரு வார்த்த கேட்டுக்கீறாங்களா? அவுங்குளுதா இருந்தா கேக்க மாட்டாங்களா?" என்று கேட்டாய்.  அந்தக் கேள்வியைத்தான் நானும் இத்தனை காலம் எனக்குத் துணையாக வைத்திருந்தேன். அவர்கள் கேட்கவில்லை, அதனால் மறந்திருப்பார்கள். இல்லை, மனசார விட்டுக்கொடுத்திருப்பார்கள். இல்லை, நீ நடந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு வருஷமும் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

இப்போது ஏற்பாட்டைச் சொல்கிறேன். இதே கடிதத்தை இன்னொரு பிரதி எழுதி ஆண்டியிடம் கொடுக்கப் போகிறேன். ஊரில் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்வேன். அதன் கீழே என் கையெழுத்து இருக்கும். நான் இத்தனை வருஷம் சோறு போட்ட பிள்ளைகளின் அப்பன் ஆத்தாள் எல்லாம் கேட்பார்கள். கேட்டுவிட்டு என் கையால் சாப்பிட வேண்டாம் என்று சொன்னால், சொல்லட்டும். ஆனால் அதெல்லாம் நிலத்தைத் திருப்பாது. என் கையெழுத்துக்கு அந்தச் சக்தி இல்லை, உன்னுடையதற்குத்தான் இருக்கிறது. பவரை ரத்து செய். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செய். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டு இனி அம்மா வேண்டாம் என்று விட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதைவிட, எனக்காகப் பாவப்பட்டு எதுவும் செய்யாமல் விட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. உன் காலில் விழுகிறேன் என்று எழுதலாம். நான் கிள்ளிய கால் அது, எந்த முகத்தோடு விழுவேன்.

இதுவரை எழுதியது திங்கட்கிழமை. இன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம். உனக்கு அனுப்புவதற்கு முன்னால் வெள்ளச்சிக்கு இதைப் படித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றியது. பள்ளிக்கூடம் முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். நம் வேலியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம், உள்ளே போய்ப் பல வருஷம் ஆகிறது. அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. மடியில் புளி வைத்து ஓடு உடைத்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பிரித்து ஒரு வரி விடாமல் படித்தேன். அவள் கை நிற்கவே இல்லை. நீ பதினோராம் மாதத்தில் நடந்தாய் என்ற இடம் வந்தபோது மட்டும் தலையை ஆட்டினாள்.

"தெரியும் தங்கச்சி" என்றாள். "நீ வாசல்ல சாணி மொழுவி வெச்சிருந்த. ஈரத்துல இத்தினூண்டு பாதம், கதவுலருந்து மொறம் வரைக்கும். அன்னிக்கே பாத்தேன்."

"அப்பறம் ஏங்க்கா எண்ணெ தேச்ச?"

"நீ காலு வீக்குன்னு சொன்னியே. தாயி சொன்னா தேய்க்கணும்."

 கடைசியில் நீ போனில் கேட்டதை நானும் கேட்டேன். தெரிந்தும் இத்தனை வருஷம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சடையன் செத்தபோதுகூட ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

அவள் என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நாங்க கேக்கக் கூடாது. நடந்த புள்ளைய தாயிதான் இட்டுனு வந்து எங்க வாசல்ல வுடணும். அதுவா நடந்து உள்ள வரணும். அப்பறந்தான் அடுப்ப கலைக்கறது. நாங்களா கேட்டா, ஏன்டா நடந்தேன்னு புள்ளைய கேக்கற மாரி. புள்ள காலுக்கு ஆவாது" என்றாள். பிறகு மடியைத் தட்டிவிட்டு, "அது காலு நல்லா கீதா இப்ப? அந்த ஊர்ல ரொம்ப நடக்கணும்னு ஆண்டி சொன்னான்" என்று கேட்டாள்.

உன் காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் அவர்கள் கேட்கவில்லை, கண்ணு. கொட்டிலில் படுத்தபோதும் கேட்கவில்லை. குடகுக்குப் போனபோதும் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புளிக்கு மட்டும் கேட்டார்கள். அவள் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை, நிலத்தைப் பற்றி இன்றைக்கும் பேசவில்லை. "நல்லா கீதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாளைக்குப் பவரை ரத்து செய். அதற்குப் பிறகு டிக்கெட் எடுத்துக்கொண்டு வா. எழுத வேண்டியதை ஆண்டி பெயருக்கு எழுது. நான் எங்கே இருப்பேன் என்று கேட்காதே, எங்கேயாவது இருப்பேன். திருப்பத்தூரில் இறங்கி நேராக நம் வீட்டுக்கு வராதே. வெள்ளச்சி வாசலுக்கு வா. அங்கே நான் நின்றுகொண்டிருப்பேன், கையைப் பிடிக்க மாட்டேன். நீ சௌக்கியமா என்று இப்போது கேட்கிறேன். கால் இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது? அப்படியென்றால் அவள் பார்க்க, அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே நட.

உன்னைக் கீழே இறக்கிவிடாத
அம்மா